பதினோரு பூட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

என் அருமைப் பேச்சியக்காவுக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ என்னிடம் கேட்ட காரியத்தை ஒருவழியாக முடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஒரு மத்தியான உறக்கத்துக்குப் பதினான்கு மாதமா என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரி.

அன்றைக்கு நீ கையைக் காட்டிக் கிட்டத்தில் கூப்பிட்டபோது, மகனைப் பார்த்துக்கொள், வீட்டைப் பார்த்துக்கொள் என்று ஏதாவது சொல்லப்போகிறாய் என்று நினைத்துக் காதைக் கொண்டுவந்தேன். நீயோ, "அடியே தனம், மூஞ்சியப் பாரு. நீ படுக்க வேண்டிய கட்டில்ல நான் படுத்திருக்கேன். எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யி. ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானச் சோத்தத் தின்னுட்டு, நாலு மணி வரைக்கும் உறங்கு. ஒரே ஒரு ஞாயிறு" என்றாய். பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடச் சிரித்துவிட்டார். நான் "இம்புட்டுத்தானா, சரிக்கா" என்று உன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

உன் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் வாசலில் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி?" என்பதுதான். பட்டாசு ஆலைக்குப் போகிற பெண் ஐம்பது வயதில் செத்தால் நம் எம். புதுப்பட்டியில் எந்தக் கம்பெனியில் வெடித்தது என்பதைத் தவிர வேறு என்ன கேட்பார்கள்? "கம்பெனி இல்லைங்க, இருதயம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. "இருதயமா?" என்று ஏமாந்ததுபோல் கேட்டவர்களும் உண்டு.

அதைவிடப் பெரிய சங்கடம் உன் நாத்தனாரால் வந்தது. மாரில் அடித்துக்கொண்டு, "ஞாயிறு தவறாம திருத்தங்கல் பெருமாளப் பாக்கப் போவீகளே மதினி, அந்தப் பெருமாளுக்குக் கண்ணு இல்லையா" என்று அழுதாள். கூட்டமும் சேர்ந்து ஆமாம் ஆமாம் என்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ எந்தப் பெருமாளையும் பார்க்கப் போகவில்லை என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

ஞாயிறு ஒரு மணிக்கு நீ வாசல் கதவை வெளியே பூட்டுவாய். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு சந்து வழியாகச் சுற்றிப் போய், பின்வாசலால் உள்ளே நுழைந்து படுத்துவிடுவாய். தேடி வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வருவார்கள். "பேச்சி எங்க?" என்றால், "திருத்தங்கல் கோயிலுக்கு" என்பேன். மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்குமே என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பன்னிரண்டு வருசத்துப் பொய் அக்கா அது. வாரம் ஒரு கோயில் யோசிக்கச் சோம்பல்பட்டு ஒரே கோயிலைச் சொன்னதில் நீ பெரிய பக்தையாகிவிட்டாய்.

நீ போன பிறகு வந்த முதல் ஞாயிறே உறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு மகளிர் குழுக் கூட்டம். அடுத்த ஞாயிறு ஒரு காதுகுத்து. அதற்கு அடுத்தது மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தேன், மேகம் கூடிவிட்டது. பிறகு ஒரு நிச்சயதார்த்தம், ஒரு சடங்கு, இன்னொரு காதுகுத்து. இந்த ஊரில் எத்தனை காதுகள் இருக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதற்கு நடுவில் காலண்டர் சீசன் வந்துவிட்டது. சீசனில் அச்சாபீசுக்கு ஏது ஞாயிறு? ஊர் உலகமெல்லாம் கிழிக்கப்போகிற தேதித்தாளைத் திருத்தங்கலில் உட்கார்ந்து புரூஃப் பார்க்கிறவள் நான். ஞாயிறெல்லாம் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனேன்.

கடைசியில் ஒரு ஞாயிறைக் கறுப்பாகவே விட்டுவிட்டேன். இருபது வருசத்தில் முதல் தடவை. நல்லவேளை, தாள் வெட்டுகிற இடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் போய் நின்றேன்.

"ஏம்மா தனம், ஞாயித்துக்கெழமையே ஒனக்கு மறந்துபோச்சா?" என்றார்.

"ஆமாண்ணாச்சி, பாத்து ரொம்ப நாளாச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் அந்தத் தேதித்தாளை மடித்து மேசைக்குள் போட்டார். "இனி ஞாயித்துக்கெழம இந்தப் பக்கம் வராத. வந்தேன்னா கேட்டத் தெறக்க மாட்டேன்" என்றார். திட்டினாரா, லீவு கொடுத்தாரா என்று பஸ்ஸில் வரும்போதுகூட எனக்கு விளங்கவில்லை.

சரி, லீவு கிடைத்துவிட்டது, உறங்கலாம் என்று பார்த்தால் அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நீ வாய்நிறையத் தம்பி என்று கூப்பிடுகிற எங்க வீட்டுக்காரர் கூடத்தில் குறுக்கே படுத்து உறங்குகிறார். வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "உறங்குறாக போல, பாவம் அலுப்பு" என்று ரகசியம் பேசிவிட்டுப் போகிறார்கள். நான் அதே கூடத்தில் தலையைச் சாய்த்தால் போதும், "ஏத்தா, உடம்புக்கு என்ன? காய்ச்சலா? மாத்திரை போட்டியா?" என்று நாலு பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். பகலில் ஆம்பிளை படுத்தால் அலுப்பு, பொம்பிளை படுத்தால் காய்ச்சல். காய்ச்சல் இல்லை என்று நிரூபிக்க எழுந்து அவர்களுக்குக் காப்பி போட வேண்டியிருக்கிறது. நீ ஏன் பூட்டைக் கையில் எடுத்தாய் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது அக்கா. பன்னிரண்டு வருசம் உன் பக்கத்து வீட்டிலிருந்தும் புரியவில்லை பார்.

அதனால் நானும் பூட்டினேன். முதல் ஞாயிறு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டேன். "பூட்டிருக்கு, செருப்பு கெடக்கு, வெறுங்கால்ல எங்க போயிருப்பா?" என்று பேசிக்கொண்டே பின்பக்கம் வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன். எங்க வீட்டுக்காரரை எடுத்து எங்கே வைப்பது? கட்டிலில் இருந்து அவர் விட்ட குறட்டை தெருவுக்கே கேட்டிருக்கிறது. பூட்டின வீட்டுக்குள் குறட்டை என்றால் சும்மா விடுவார்களா? வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் உள்ளே அவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"திருடனா இருக்குமோ?"

"திருடன்னா இம்புட்டு நிம்மதியாவா உறங்குவான்?"

எதிர்வீட்டு முத்துலட்சுமியை உனக்குத் தெரியுமே, பட்டாசுக்குத் திரி வைக்கிறவள். அவள்தான் விடாமல் சந்து வழியாகச் சுற்றிப் பின்வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திய கையோடு என்னைக் கண்டதும், ஏதோ களவைக் கண்டுபிடித்த மாதிரி, "அக்கா, நீங்க உறங்கவா செய்றீக?" என்றாள். மறைத்துப் பயனில்லை. உன் பூட்டு, என் பொய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

"அப்ப பேச்சியக்கா கோயிலுக்கே போகலையா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "எங்க வீட்டுக்கும் பின்வாசல் இருக்குல்லக்கா?"

அதற்குப் பிறகு என்னைக் கேட்காதே. அடுத்த ஞாயிறு மூன்று வீட்டில் பூட்டு. அதற்கு அடுத்தது ஏழு. இத்தனைக்கும் அதில் பாதி வீட்டில் அதுவரை பூட்டே கிடையாது. சிவகாசிக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறபோது வாங்கி வந்திருக்கிறார்கள். நாலாவது ஞாயிறு நம் தெருவின் பதினோரு வீடும் பூட்டு. ஆம்பிளைகளை மெயின் ரோட்டு டீக்கடைக்கு விரட்டியாகிவிட்டது. பிள்ளைகளைக் கிரிக்கெட் விளையாட அனுப்பியாகிவிட்டது. போன்களின் சத்தத்தை அமத்தியாகிவிட்டது. நானும் படுத்தேன். இன்றைக்கு உன் கடன் தீர்ந்தது என்று கண்ணை மூடினேன்.

ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நீ உறங்கியபோது வெளியே பொய் சொல்ல நான் ஒருத்தி முழித்திருந்தேன். பதினோரு பேரும் உள்ளே படுத்துவிட்டால் "கோயிலுக்குப் போயிருக்காக" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

அன்றைக்குப் பார்த்துத்தான் விருதுநகரிலிருந்து என் மகள் கவிதாவின் மாமியாரும் மாமனாரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கினார்கள். கையில் எண்ணெய்ப் பரோட்டாப் பொட்டலம், இன்னொரு கையில் பத்திரிகை. காதுகுத்துதான், வேறென்ன.

அவர்கள் நின்ற இடத்தில் நீ நின்று பார். நம் ஊரில் வாரநாளில் தெரு ஆளில்லாமல் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லாரும் கம்பெனி வேனில் போயிருப்பார்கள். ஞாயிறு பட்டப்பகலில் ஒரு தெரு முழுக்கப் பூட்டிக் கிடந்து, ஒருத்தர்கூடப் போனை எடுக்கவில்லை என்றால், அதற்கு இந்த வட்டாரத்தில் ஒரே அர்த்தம்தான். பட்டாசு சீசனில் எங்கேயோ ஞாயிறும் வேலை நடந்திருக்கிறது, வெடித்துவிட்டது, தெருவே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறது. சம்பந்தியம்மா என் வீட்டுப் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஓங்கி அழ ஆரம்பித்துவிட்டார். சம்பந்தி ஐயா என் தம்பிக்குப் போன் போட்டார். அவன் நாலு பேருக்குப் போட்டான்.

எனக்கு அப்போதுதான் கண் செருகிக்கொண்டு வந்தது. "போயிட்டீகளே" என்று தெருவில் ஓலம் கேட்டது. யார் வீட்டிலோ துக்கம். பின்வாசலால் ஓடினேன். சந்தில் பார்த்தால் தலைவிரி கோலமாகப் பத்துப் பேர் ஓடி வருகிறார்கள். "யாரு? யாரு வீட்ல?" "தெரியலக்கா, உங்க வாசல்லதான் கேக்குது." என் கவிதாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று சந்திலேயே நின்றுவிட்டேன். முத்துலட்சுமிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

யார் என்று கேட்பதற்கு முன்னால் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிடுவதுதானே நம் வழக்கம். பதினோரு பேரும் போய்ச் சம்பந்தியம்மாவைச் சூழ்ந்துகொண்டு ஓவென்று அழுதோம். ஆள் சேர்ந்ததும் அவருக்கு இன்னும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான்தான் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் தோளில் முட்டி முட்டி அழுகிறார்.

"எந்தக் கம்பெனின்னுகூடத் தெரியலையே! என் சம்பந்தி தனம், தங்கமான மனுசி, போயிட்டாளே!"

எனக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது. "மதினி, தனம் நான்தான்" என்றேன்.

"ஐயோ, குரலுகூட அவ குரலு மாதிரியே இருக்கே!" என்று இன்னும் சத்தமாக அழுதார். தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். முத்துலட்சுமியைப் பார்த்தார். ஒவ்வொருத்தியாகப் பதினோரு பேரையும் எண்ணிப் பார்த்தார்.

"எங்க போயிருந்தீக எல்லாரும்?"

ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்தோம். கடைசியில் முத்துலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு, "உறங்கிக்கிட்டு இருந்தோம்த்தை" என்றாள்.

அடித்திருப்பார் அக்கா. கையில் பரோட்டாப் பொட்டலம் இருந்ததால் தப்பித்தோம். "உறங்குனீகளா? பதினோரு வீடும் பூட்டிப்போட்டு உறங்குனீகளா? எனக்குப் போக இருந்துச்சே உசுரு!" என்று என் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினார். கிள்ளிவிட்டு அதே கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை நிஜம். எனக்காக ஒருவர் அப்படி அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை. சம்பந்தி என்றால் சீரில் குறை சொல்கிறவர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அதற்குள் பைக்கில் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். என் தம்பி திருத்தங்கலிலிருந்து கையோடு பெரிய ரோஜா மாலையும் வாங்கி வந்துவிட்டான். நான் வாசலில் நின்று "வாலே" என்றதும் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அம்புட்டுப் பெரிய மாலையை எங்கே ஒளிக்க? அதை என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு வாங்கின துக்க மாலையைக் கடையில் திருப்பி எடுப்பார்களா? கடைசியில் என் வீட்டுச் சுவரில் இருக்கிற உன் படத்துக்குப் போட்டேன். படம் சின்னது, மாலை தரை வரைக்கும் தொங்கியது. நீ அதற்குள் முழித்துக்கொண்டு நின்றாய்.

வந்தவர்களும் நாங்களுமாகத் தெருவிலேயே உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துத் தின்றோம். சம்பந்தியம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. "உறங்க வேணாம்னு நான் சொல்லல. ஆறு நாளும் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு வேலைக்குப் போறவளுக ஒரு நாளு உறங்காம என்ன செய்வாளுக? ஆனா ஒருத்தியாவது முழிச்சிருக்க வேணாமா? இந்த ஊருல பூட்டப் பாத்தா மனசு என்ன நினைக்கும்?" என்றார்.

நாங்கள் பரோட்டாவைக் கீழே வைத்தோம் அக்கா. அந்தத் தெருவில் யாருக்குத்தான் அது தெரியாது? முத்துலட்சுமி அப்படித்தானே ஒரு நாள் பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு, வெடித்த கம்பெனிக்கு அண்ணனைத் தேடிப் போனாள்.

அன்றைக்கே முடிவெடுத்தோம். பூட்டு கிடையாது. ஒளிவு மறைவு கிடையாது. ஞாயிறு ஒன்றிலிருந்து நாலு வரை தெருமுனை வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முறைவைத்து ஒருத்தி உட்கார வேண்டும். வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். "எல்லாரும் நல்லா இருக்காக. உறங்குறாக. நாலு மணிக்கு மேல வாங்க."

முதல் வாரம் எங்க வீட்டுக்காரர், "பொம்பளைக படுங்க, நான் இருக்கேன்" என்று வீராப்பாகப் போய் உட்கார்ந்தார். ஒன்றே காலுக்கு நாற்காலியிலேயே குறட்டை. அந்தச் சத்தத்துக்குத் தெருவே எழுந்துவிட்டது. அத்தோடு ஆம்பிளைகளை முறையிலிருந்து எடுத்துவிட்டோம். அடுத்த வாரம் என் முறை. பத்து வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பத்திரிகை வைக்க வந்த ஒருத்தரிடம், "உறங்குறாக" என்றேன். "எல்லாருமா?" என்றார். "எல்லாருந்தான்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். பொம்பிளைகள் உறக்கத்துக்குச் செருப்பைக் கையில் எடுத்த ஆளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

போன ஞாயிறு முத்துலட்சுமி முறை. நான் கறிக்குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, வாசல் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் படுத்தேன். எப்போது உறங்கினேன் என்று தெரியவில்லை. கனவுகூட வரவில்லை. முழிப்பு வந்தபோது யாரோ சுமையை இறக்கிவைத்த மாதிரி உடம்பு லேசாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில், அரைத் தூக்கத்தில், உன் வீட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி, "அக்கா, நல்லா உறங்கிட்டேன்க்கா!" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது. தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். உன் துட்டியில்கூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

தெருமுனையிலிருந்து முத்துலட்சுமி அதட்டினாள். "யாரு அங்கன சத்தம் போடுறது? மணி இன்னும் மூணே முக்காலுதான். படுங்க!"

படுத்துவிட்டேன் அக்கா. நாலு மணி வரைக்கும்.

நான் செய்த சத்தியம் ஒரு ஞாயிறுக்குத்தான். அது தீர்ந்துவிட்டது. இனிமேல் வருகிற ஞாயிறுகளில் முறை வந்தால் நாற்காலியில் முழித்திருப்பேன். முறை இல்லாத ஞாயிறுகளில் எனக்காகவே உறங்குவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
நீ பெற்ற பிள்ளையைவிட அதிகமாக உன்னிடம் திட்டு வாங்கின
உன் பக்கத்து வீட்டுத் தங்கச்சி
தனம்